தச்சனுக்குப் படி அளந்தவர்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அருகே கல்திட்டைகள் இருக்கின்றன. பெரிய கற்பலகைகளை நாற்புறமும் நிறுத்தி, மேலே ஒன்றை மூடியாக வைத்த ஈமச் சின்னங்கள். சிலவற்றில் முன்பலகையில் வட்டமாக ஒரு துளை. மலைவாசிகள் இவற்றைக் குள்ளர் வீடு என்கிறார்கள். மூடிக்கல் ஒன்றைத் தூக்கி வைக்க எத்தனை கைகள் வேண்டும்! அந்தக் கைகளுக்குக் கூழ் ஊற்றியவர் யார்? அவர்களிடம் எழுத்தில்லை, ஆகவே கணக்கும் இல்லை. கட்டினவர்களைக் குள்ளர்களாக்கிவிட்டு ஊர் திருப்தியடைந்துவிட்டது.

கட்டடம் நிற்பதற்குக் கல் போதும். கட்டத் தெரிந்த கூட்டம் நிற்பதற்கோ, வேலை இல்லாத நாளிலும் யாராவது சோறு போட்டாக வேண்டும். இதை நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தவன் இராஜராஜ சோழன் என்பது என் எண்ணம். மலையிலிருந்து தஞ்சைக்குப் போனால், அங்கே கணக்கு கல்லிலேயே இருக்கிறது.

பெரிய கோயில் விமானத்தின் மேல் கலசம் ஏறியது 1010-ல். வேலை முடிந்தது, தச்சர்களே, போய் வாருங்கள் என்று அவன் சொல்லவில்லை. அவனது 29-ஆம் ஆட்சியாண்டுச் சாஸனம் ஒன்று தளிச்சேரிப் பெண்கள் 400 பேருக்கும், கணக்கர், தையற்காரர், நாவிதர் முதலானோருக்கும் பங்கு வகுக்கிறது. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து கொடுக்க வேண்டும். வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சனுக்கு ஒன்றரைப் பங்கு. அவனுக்குக் கீழே நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் இருவருக்கும் முக்கால் முக்கால். (நட்டுவனாருக்கு இரண்டு பங்கு! தச்சர்கள் முணுமுணுத்திருப்பார்களோ என்னவோ.) விமானத்தை எழுப்பியவன் இந்தக் குஞ்சரமல்லனே என்று பலர் எழுதுகிறார்கள். பங்குப் பட்டியல் அப்படிச் சொல்லவில்லை. படி அளந்ததை மட்டும் சொல்கிறது. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

அதைவிடப் பெரிது அடுத்து வரும் விதி. பங்கு பெற்றவர் இறந்தாலும் ஊரை விட்டுப் போனாலும், அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலை செய்யலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால், தகுந்த ஆளை வைத்துச் செய்விக்க வேண்டும். உறவினரே இல்லையென்றால்? அரசன் அதிகாரியை அனுப்புவதில்லை. அதே தொழிலில் உள்ளவர்களே கூடித் தகுதியான ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெல் கோயிலுடையது, தகுதியை நிர்ணயிக்கும் உரிமை தொழிலாளியுடையது. பணம் கொடுப்பவர்கள் இப்படி ஒதுங்கி நிற்பது அபூர்வம் அல்லவா?

எல்லா அரசர்களும் நெல்லாகவே கொடுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். கொங்கு நாட்டில் கோனேரின்மை கொண்டான் என்ற பட்டப் பெயருடன் ஓர் அரசன் கம்மாளர்களுக்குச் சில உரிமைகள் வழங்கினான். நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே புறப்படும்போது காலில் செருப்பு அணியலாம், தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரார் மாளிகைக்கெல்லாம் உழைத்த கம்மாளன், தன் வீட்டுச் சுவரைப் பூச அரசன் ஓலைக்குக் காத்திருந்தான்! கஜானாவிலிருந்து ஒரு காசு குறையாத தானம் இது. ஆனாலும் அவர்கள் அதைக் கல்லில் வெட்டிக் காத்தார்கள். சோறு மட்டும் ஒரு கூட்டத்தைச் சேர்த்து வைப்பதில்லை போலும்.

அரசர்கள் போன பிறகு செட்டிமார்களின் திருப்பணிகள் ஸ்தபதிகளுக்கு வேலை கொடுத்தன. 1957-ல் சென்னை அரசாங்கம் மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. முதல் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்தவர் அவருடைய மகன் கணபதி ஸ்தபதி. 2000 ஜனவரி முதல் தேதி குமரிமுனையில் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் அவருடைய கைவண்ணமே. தஞ்சைச் சாஸனம் கேட்ட இரண்டும், உறவும் தகுதியும், அவரிடம் சேர்ந்தே இருந்தன.