கால் கோணிய குட்டிகள்

ஹோர்முஸ், ஏடன் துறைகளிலிருந்து பாண்டிய நாட்டுக் காயல் துறைக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். இங்கேயே குட்டி ஈன வைத்து வளர்த்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

1290களில் இங்கு வந்த மார்க்கோ போலோ இதற்கு விடை எழுதிவைத்திருக்கிறார். உயர்ந்த பொலிக்குதிரையைச் சேர்த்தாலும் பிறக்கும் குட்டி சிறுத்து, கால் கோணி, சவாரிக்கு உதவாமல் போகிறதாம். தட்பவெப்பத்தின் மீதே பழியைப் போட்டார் அவர். ஆனால் குதிரைகளுக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்தார்கள் என்பதும் அவர் தந்த செய்திதான்.

அந்தச் சோறுதான் நம்மை உறுத்துகிறது. குதிரைக்குட்டி தன் முழு உயரத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தை முதல் ஓராண்டிலேயே எட்டிவிடும். அதற்குள் அத்தனை எலும்பும் வளரவேண்டுமானால் தீவனத்தில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் மிகுந்திருக்கவேண்டும். அரிசியில் நிலைமை நேர்மாறு. தாய்க்கும் அதே சோறு என்றால், அது தன் எலும்பைக் கரைத்துத்தான் பாலில் கால்சியம் சேர்க்கும். வெயில் இன்னும் கடுமையான மார்வாரில் நல்ல குதிரைகள் பிறந்து வளர்கின்றனவே! ஆகவே வெயில் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பக்குவம் சொல்லக் குதிரை வைத்தியர்களும் இங்கு இல்லை. வணிகர்கள் அவர்களை வரவிடவில்லை என்கிறார் மார்க்கோ போலோ. வாங்கிய குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்!