உறக்கம் தந்த வேர்

எமது வரிப்பத்தான்சேனையில் வேளாண்மைக் காலத்து இரவுகளில் யானைக் காவலுக்கெனப் பலர் விழித்திருப்பர். அவ்விழிப்பு தொழிலின்பாற்பட்டது. ஆயின், காவல் முடிந்து வீடு திரும்பிய பின்னரும் கண்மூட இயலாதோர் உளர். அவர்களுள் ஒருசாரார் பரிசாரியாரை நாடுவர். ஒருசாரார் ஆஸ்பத்திரிக்குச் செல்வர். இரண்டையும் செய்வோரும் உண்டு. பரிசாரியார் தந்த தூளை ஆங்கில வைத்தியரிடம் சொல்வதில்லை. அவர் தந்த குளிசையைப் பரிசாரியாரிடம் சொல்வதில்லை. இரு வைத்தியங்களும் ஒன்றையொன்று அறியாதிருப்பதற்கு நோயாளியே விலை கொடுக்கிறார். இந்நிலை மாறாததா? ஒரு வேரின் வரலாற்றை நோக்குவோம்.

சர்ப்பகந்தி என்னும் செடி இந்தியாவிலும் இலங்கையிலும் வளர்வது. சிங்களத்தில் அதனை ஏகவேரிய என்பர். பாம்புக்கடி, சித்தப்பிரமை, உறக்கமின்மை முதலியவற்றுக்கு அதன் வேரை நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக வழங்கி வந்தனர். பீகாரில் அதற்குப் பைத்தியத்தின் மருந்து என்றே பெயர். ஐரோப்பியத் தாவரவியலாரோ அச்செடியின் பேரினத்துக்கு ரௌவோல்ஃப் என்ற 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வைத்தியரின் பெயரைச் சூட்டினர். அவர் இந்திய மண்ணை மிதித்தவரே அல்லர்! வேரின் குணத்தைக் கண்டறிந்த ஏழைப் பரிசாரிகளின் பெயர்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இவ்வலட்சியத்துக்குச் செயலால் விடையளித்தவர் ஹக்கீம் அஜ்மல் கான் (1868–1927). யூனானி வைத்தியக் குடும்பத்தில் பிறந்த அவர், 1921இல் காங்கிரஸ் மகாசபையின் தலைவரானார். அவர் நிறுவிய டில்லித் திப்பியாக் கல்லூரியை அதே ஆண்டில் காந்தியடிகள் திறந்து வைத்தார். யூனானியும் ஆயுர்வேதமும் அங்கு ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்டன. மேனாட்டு உடற்கூற்றியலும் உடன் சேர்ந்தது. மரபைப் போற்றிய அப்பெரியார் அதனைச் சோதனைக்கு உட்படுத்த அஞ்சவில்லை. ஜெர்மனியில் இரசாயனம் பயின்று திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்தீக்கி டில்லியில் அவ்வாராய்ச்சிப் பணியை ஏற்றார். 1931இல் சர்ப்பகந்தி வேரிலிருந்து ஓர் அல்கலாய்டைப் பிரித்து, மறைந்த அஜ்மல் கானின் நினைவாக அதற்கு அஜ்மலின் எனப் பெயரிட்டார்.

அதே ஆண்டில் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், இவ்வேர் மனநோயைத் தணித்து இரத்த அழுத்தத்தைக் குறைப்பதாக எழுதினர். மேல்நாடு செவிசாய்க்கவில்லை. 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வகீல் தம் நோயாளரிடம் கண்ட பலனை ஆங்கிலேய இதய மருத்துவ ஏட்டில் வெளியிட்ட பின்னரே அங்கு கவனம் பிறந்தது. 1952இல் சுவிற்சர்லாந்தின் சீபா கம்பனியார் அவ்வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தனர். குடிசையின் மருந்து குளிசையாகி உலகச் சந்தையை அடைந்தது. இலாபம் குடிசைக்குத் திரும்பவில்லை என்பதைக் கூறவும் வேண்டுமோ?

விஞ்ஞானம் வேரின் புகழை மட்டும் பாடவில்லை; அதன் குற்றத்தையும் காட்டிற்று. ரெசர்பின், நரம்புகளில் சேமிக்கப்பட்டுள்ள டோபமீன், செரோட்டொனின் முதலியவற்றை வற்றச் செய்கிறது. அமைதி அதனால் வந்தது. சிலருக்கு மனச்சோர்வும் நடுக்கமும் வந்தன. காலப்போக்கில் வேறு மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன. காடுகளில் அளவின்றிப் பிடுங்கப்பட்ட அச்செடி, 1990இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இடம்பெற்றது. இயற்கையானது தீங்கற்றது என்போர் இதனைச் சிந்திப்பாராக! இரத்த அழுத்தக் குளிசை உண்பவர் இவ்வேர்த் தூளையும் உண்பாராயின், அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழக்கூடும். மறைத்தல் உயிருக்கே உலை வைக்கும்.

இலங்கையில் 1929இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி தோன்றி, ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்றையும் கற்பித்தது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் அவற்றுக்கு ஒழுங்கமைப்பு வகுத்தது. ஆயினும், பரிசாரியாரும் ஆங்கில வைத்தியரும் ஒரே நோயாளியைப் பற்றி மனம்விட்டுப் பேசும் நாள் எமது கிராமங்களில் இன்னும் வரவில்லை. அந்நாளை நாம் கேட்டுப் பெறவேண்டும்.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. அறுவடை நெல் களத்திலிருந்தே கடன்காரரிடம் போகும்போது உழவர் வீட்டில் வரும் விழிப்புக்கு வேரும் குளிசையும் எதுவரை மருந்தாகும்? அந்நோயின் வேர் மண்ணுக்கு மேலேயே இருக்கிறது. அதைப் பிடுங்குதலும் வைத்தியமே.