சமணர் கை யார் கையில் வைக்கப்பட்டது?

சிரவணபெளகொளாவுக்குப் போகிற தமிழர்கள் கோமடேசுவரர் காலடியில் தமிழைத் தேடுவார்கள். இருக்கிறது. ஏறக்குறைய 57 அடி உயரச் சிலை, கி.பி. 981 வாக்கில் கங்க அரசின் அமைச்சன் சாமுண்டராயன் செய்வித்தது. செய்வித்தவன் பெயரைக் கன்னடம், தமிழ், மராட்டி மூன்றிலும் வெட்டியிருக்கிறார்கள். 'நம்ம பாஷை' என்று பூரித்துவிட்டு, படியிறங்கி பஸ் ஏறிவிடுவோம்.

எனக்கு முக்கியமாகப் படுவது மலைமேல் இருக்கிற எழுத்தல்ல. கீழே ஊருக்குள், 1159இல் ஹொய்சள நரசிம்மனின் கருவூலக்காரன் ஹுள்ளன் கட்டிய பண்டாரி பசதியில் ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. சகம் 1290, அதாவது கி.பி. 1368.

விஜயநகரத்து முதலாம் புக்கன் காலம். சமணருக்கும் வைணவருக்கும் தகராறு. ஆனெகுந்தி, பெனுகொண்டா முதலான ஊர்ச் சமணர்கள் வைணவர் செய்கிற அநியாயத்தை ராஜாவிடம் முறையிடுகிறார்கள். ராஜா சமணர் கையைப் பிடித்து வைணவர் கையில் வைத்து, இரண்டு தரிசனத்துக்கும் பேதமில்லை என்கிறார். பஞ்ச மகா வாத்தியமும் கலசமும் முன்போலவே சமணருக்கும் உண்டு. சமணர்கள் வீட்டுக்கு வருஷம் ஒரு பணம் தரவேண்டும்; திருமலைத் தாத்தய்யா அதை வசூலித்து, பெளகொளத் தேவருக்கு இருபது காவலாட்களை வைத்து, மிச்சத்தில் பாழடைந்த ஜினாலயங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும். மத நல்லிணக்கத்துக்குச் சாட்சி என்று கொண்டாடப்படுகிற சாசனம் இதுதான்.

சரி, சமணர் கை யார் கையில் வைக்கப்பட்டது? பட்டியல் நீளமானது. கோயில், திருமலை, பெருமாள்கோயில், திருநாராயணபுரம், அதாவது ஸ்ரீரங்கம், திருப்பதி, காஞ்சி, மேல்கோட்டை ஆச்சாரியர்கள் முதலில் நிற்கிறார்கள். அப்புறம் கோயில் பணிக்காரர்கள், போவர்கள். கடைசியில் இரண்டு பெயர்கள்: திருக்குலம், ஜாம்பவகுலம்.

திருக்குலம் என்றால் ஹொலெயர். மேல்கோட்டை உற்சவமூர்த்தியை டெல்லியிலிருந்து மீட்டுவர உதவியதற்காக ராமாநுஜர் கொடுத்த பெயர் என்பது கதை. ஜாம்பவகுலம் மாதிகர். கொண்டாடுகிறவர்கள் இந்த இரண்டு பெயரையும் வசதியாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 'ஜைன வைணவ சமரசம்' என்றால் விஷயம் முடிந்தது அவர்களுக்கு! சேரியும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறது என்பது கல்லில் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை.

ஏன் சேர்த்தார்கள்? என் கணிப்பு இது. அடிதடி என்று வந்தால் முன்னால் தள்ளப்பட்டவங்க நம்மாளுங்க. சண்டைக்கு ஆள் வேண்டியிருந்ததால் சமாதானத்துக்கும் பெயர் வேண்டியிருந்தது. மற்றபடி அதே மேல்கோட்டையில் திருக்குலத்தார் கோயிலுக்குள் வரலாம் என்பது அந்தக் காலத்தில் வருஷத்தில் மூன்று நாள்தான் என்றிருந்தது. மிச்ச நாளெல்லாம் பட்டப்பெயரை வைத்துக்கொண்டு வெளியே நிற்கவேண்டியிருந்தது. சாசனத்தை அழிக்கிறவனுக்குக் கங்கைக்கரையில் பசுவையோ பிராமணனையோ கொன்ற பாவம் என்கிறது கல்வெட்டு. திருக்குலத்தானைக் கொன்றால் என்ன பாவம்? அப்படி ஒரு வரியை நான் எந்தக் கல்வெட்டிலும் படித்ததில்லை.

வைணவத்தை மட்டும் திட்டிவிட்டு நகர முடியாது. சமணம் என்றாலே சாதியை ஒழித்த மதம் என்று நம் தோழர்கள் பலர் பேசுகிறார்கள். நற்காட்சி உடையவன் சண்டாளனாகப் பிறந்தாலும் தேவனே என்று சமந்தபத்திரர் சொன்னது உண்மை. ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட அமோகவர்ஷன் காலத்து ஜினசேனர் ஆதிபுராணத்தில் சூத்திரருக்குள்ளேயே தொடத்தக்கவர், தொடத்தகாதவர் என்று கோடு போட்டுவிட்டார். தொடத்தகாதவர் ஊருக்கு வெளியே. மனுவிடம் கடன் வாங்கிய சரக்கு என்பார்கள். வாங்கியவர் வாங்கியவர்தானே?

அது எவ்வளவு தூரம் வந்தது என்பதற்குக் கல்வெட்டு தேவையில்லை, கோர்ட்டு தீர்ப்பே போதும். பம்பாய் மாகாணம் 1947இல் ஹரிஜன ஆலயப் பிரவேசச் சட்டம் கொண்டுவந்தது. சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் சமணக் கோயில் விஷயமாக வழக்கு. பெளகொளாவைப் போலவே திகம்பரர்கள். அவர்களின் பெரிய ஆச்சாரியர் சாந்திசாகரர், பெல்காம் பக்கம் பிறந்தவர், சட்டத்தை எதிர்த்துத் தானிய உணவையே விட்டார். 1951இல் உயர்நீதிமன்றம் சொன்னது: சமணர் வேறு, இந்து வேறு, வழக்கத்தால் இந்துக்களுக்கு உரிமையில்லாத சமணக் கோயிலில் ஹரிஜனங்களுக்கும் உரிமையில்லை. அதன்பிறகு ஆச்சாரியர் தானியம் சாப்பிட்டார்.

புக்கன் பேதமில்லை என்றபோது பட்டியலின் கடைசியில் நின்றோம். நீதிபதி பேதமுண்டு என்றபோது வாசலுக்கு வெளியே நின்றோம். இத்தனைக்கும் கோயில்களை எல்லாருக்கும் திறப்பது பற்றிய அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு, இந்து என்ற சொல்லில் சமணரையும் சேர்த்துத்தான் பேசுகிறது. அது 1950லேயே அமலுக்கு வந்தது.

பெளகொளக் கல்வெட்டுகளை ரைஸ் 1889இல் பதிப்பித்தார். நரசிம்மாச்சார் 1923இல் விரிவாக்கினார். புக்கனின் இதே சாசனம் மாகடி தாலுகா கல்யாவிலும் உண்டு. கன்னடத் தலித் தோழர்களோடு உட்கார்ந்து இரண்டையும் வரிவரியாக வாசிக்கவேண்டும். காவலுக்கு வைத்த அந்த இருபது பேர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம்.