வண்டி பேசிப் போதல்: முத்துக்குளித்துறையில் கூட்டுப் பயணத்தின் வரலாறு

ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு வரலாற்றை அதன் கூட்ட அறிக்கைகளைக் கொண்டு எழுதுவது மரபு. யான் அதன் வண்டி வாடகைக் கணக்கைக் கொண்டு எழுத விழைகின்றேன். எட்டயபுரத்துப் பாரதி விழாவுக்குப் போனது, பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனது, கொற்கைக்குப் போனது என ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரே ஒரு வாடகைத் தொகையும் அதனைப் பங்கிட்டோர் பெயர்களும் நம் குறிப்பேட்டில் உள்ளன. எவர் போனார், எவர் போகவில்லை என்பதை அக்கணக்கே சொல்கிறது. ஊர்கூடி வண்டி பேசிப் போகும் இவ்வழக்கம் நம் கடற்கரைக்கு மிகப் பழையது. அதன் வரலாறு நமக்குச் சில பாடங்களையும் வைத்திருக்கிறது.

இருப்புப்பாதை எட்டாத ஊர்கள்

தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை 1876-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் அது துறைமுகத்துக்காக வந்த பாதை. பருத்தி மூட்டைகளையும் கொழும்புக்குக் கப்பலேறும் மக்களையும் கொண்டுவந்து சேர்ப்பதே அதன் பணி. மணியாச்சி வழியாக மேற்கே சென்ற அப்பாதை, கடற்கரையோரமாகத் தெற்கே திரும்பவில்லை. திருச்செந்தூருக்கு 1923-இல் தொடர்வண்டி வந்தபோதும் அது திருநெல்வேலியிலிருந்தே வந்தது. குலசேகரன்பட்டினத்தில் பாரி நிறுவனத்தார் தம் சர்க்கரை ஆலையை ஒட்டி அமைத்த குறுகிய இருப்புப்பாதை திருச்செந்தூரையும் திசையன்விளையையும் இணைத்து மக்களையும் ஏற்றிச் சென்றது. அதுவும் 1940-இல் நின்றுபோயிற்று.

ஆகவே நம் மக்கள் பெருந்திரளாகக் கூடும் இடங்கள் பலவும் இருப்புப்பாதைக்கு அப்பால் நின்றன. மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழா, உவரி அந்தோனியார் கோயில், குலசை முத்தாரம்மன் தசரா, பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி விழா ஆகியவற்றை இங்கே எண்ணிப் பார்க்கலாம். எட்டயபுரத்தின் நிலையும் இதுவே. கல்கி முன்னின்று நிதி திரட்ட, 1947-இல் இராஜாஜி திறந்துவைத்த பாரதி மணிமண்டபத்தைக் காண வருவோர் கோவில்பட்டியில் இறங்கி, அங்கிருந்து வேறு வண்டி தேட வேண்டும். சாலை வழியே மாட்டுவண்டியும் கடல் வழியே வள்ளமுமாக இருந்த காலத்தில், இத்தகைய இடங்களுக்குத் தனியொருவர் போவது அரிது. நான்கு வீட்டார் சேர்ந்தால்தான் ஒரு கூண்டு வண்டி. ஒரு தெரு சேர்ந்தால்தான் வண்டி வரிசை. கட்டுச்சோறும் தண்ணீர்ப் பானையும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் நடந்த அப்பயணங்களே நம் பக்கத்துச் சுற்றுலாவுக்கு முன்னோடி.

வாடகைக் கப்பல் தந்த பாடம்

பிறர் ஊர்தியை நம்பிப் புறப்படுவோர்க்கு நேரும் இடரைத் தூத்துக்குடி கற்றுக்கொண்ட இடம் கடலாகும். 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தபோது அதற்குச் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய் ஷா லைன் நிறுவனத்தாரிடம் வாடகைக்கு எடுத்த கப்பலைக் கொண்டே கொழும்புப் பயணம் தொடங்கிற்று. ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் நெருக்குதலால் உரியவர்கள் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். உடனே வ.உ.சி. இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். எனினும் சொந்தக் கப்பலின்றி நிலைக்க முடியாது என்று கண்டு, 1907-இல் காலியோ, லாவோ என்னும் இரு கப்பல்களைக் கொண்டுவந்து சேர்த்தார்.

பின்னர் நடந்த கட்டணப் போட்டி யாவரும் அறிந்ததே. ஆங்கிலேய நிறுவனம் ஒரு ரூபாயாகக் குறைக்க, சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறங்கிற்று; எதிர்த்தரப்பு இலவசப் பயணத்தோடு குடையும் கொடுக்க முன்வந்தது. 1908-இல் வ.உ.சி. சிறைப்பட்டார். 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது. இவ்வரலாற்றில் நாம் கைக்கொள்ள வேண்டிய செய்திகள் இரண்டு. ஊர்தி எவருடையதோ அவரே பயணத்தைத் தீர்மானிக்கிறார் என்பது ஒன்று. கட்டணம் எவ்வளவோ அதுவே எவர் பயணம் செய்வார் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது மற்றொன்று.

திருவிழாவை அறிந்த சட்டம்

மோட்டார் வண்டிகள் பெருகியபின் இயற்றப்பட்ட 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஊர்திகளை இரு வகையாகப் பிரித்தது. வழிநெடுக நின்று, ஆளுக்கு ஆள் கட்டணம் பெற்று ஏற்றி இறக்குவது ஒருவகை. ஒப்பந்தப்படி வண்டியை முழுமையாக ஒரு கூட்டத்தாருக்கு விட்டு, இடையில் பிறரை ஏற்றாமல் செல்வது மற்றொரு வகை. நம்மவர் 'வண்டி பேசுதல்' என்று சொல்வதைத்தான் சட்டம் ஒப்பந்த ஊர்தி என்கிறது. அதே சட்டம் சந்தைகளுக்கும் சமயக் கூட்டங்களுக்கும் மக்களை ஏற்றிச் செல்வதற்கெனத் தற்காலிக அனுமதிச் சீட்டு வழங்கவும் இடமளித்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் இதனை அவ்வாறே காத்துக்கொண்டது. அன்றாட நாளுக்கு ஒரு போக்குவரத்து, கூடும் நாளுக்கு வேறொரு போக்குவரத்து என்பதை அரசும் ஏற்றுக்கொண்டது என்பதே இதன் பொருள்.

1974-இல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் தோன்றியபின் நம் சிற்றூர்களுக்கும் பேருந்து வந்தது. விழா நாள்களில் சிறப்புப் பேருந்துகளும் ஓடின. ஆயினும் வேன் வந்தபின்தான் சிறு கூட்டங்களுக்கு விடிவு பிறந்தது. ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் பன்னிருவர் வரை ஏறும் வண்டியை 'மேக்சி கேப்' என 1988-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. பேருந்தை நிரப்பப் போதிய ஆளில்லாத தெருவும் சங்கமும் இலக்கிய வட்டமும் அதன்பின் தாமே வண்டி பேச முடிந்தது. இதன் பெருங்காட்சியைக் குலசையில் காணலாம். ஊருக்கு ஊர் தசராக் குழுக்கள் காளியும் குறவனுமாக வேடமிட்டு, மேளத்தோடு வேன் பேசிக் காணிக்கை திரட்டிவந்து, பத்தாம் நாள் சூரசம்ஹாரத்துக்கு வந்து சேர்கின்றன.

நம் குறிப்பேடு சொல்வது

இனி நம் கணக்குக்கு வருவோம். தொடக்க ஆண்டுகளில் நாம் பேருந்திலேயே போய்வந்தோம். கவியரங்கம் சூடுபிடிக்கும் வேளையில்தான் கடைசிப் பேருந்து புறப்படும். பாதி அவை எழுந்துவிடும்; பெண்கள் முதலில் எழுவர். அடுத்த ஆண்டில் அவர்கள் வரவே இல்லை. வேன் பேசத் தொடங்கிய ஆண்டில்தான் அவர்கள் மீண்டும் வந்தனர். கடைசிக் கவிஞர் முடிக்கும்வரை இருந்தனர். பின்னாளில் நம் மேடையில் ஏறிய மூவர் அவ்வாறு வந்தவர்களே.

ஆனால் வேன் வந்த ஆண்டிலேயே வேறு சிலர் நின்றுவிட்டனர். பேருந்துக் கட்டணத்தைக் காட்டிலும் பங்குத்தொகை மிகுதி. 'உடம்பு சரியில்லை' என்று சொல்லி விலகிய உப்பளத் தொழிலாளரான நண்பர் ஒருவரின் சொல்லை அன்று நாம் அப்படியே நம்பினோம். எட்டணாவுக்குக் கப்பல் விட்டவரின் ஊரில் பிறந்தும் அதன் பொருள் நமக்கு விளங்க மூன்றாண்டுகள் ஆயின. இன்று இயன்றவர் கூடுதலாகவும் இயலாதவர் தம்மால் ஆனதும் தருவதென்று வைத்துள்ளோம். எவர் எவ்வளவு தந்தார் என்று பொருளாளர் ஒருவரே அறிவார்.

அச்சாரம் வாங்கிய வண்டி ஒன்று, முகூர்த்த நாளென்று கூடுதல் வாடகைக்குத் திருமண வீட்டுக்குப் போய்விட்டதும் உண்டு. விடியற்காலையில் பதினொருவர் சாலையோரத்தில் நின்றோம். வாடகைக் கப்பலை இழந்த வ.உ.சி.யை அன்று நினைத்துக்கொண்டோம். அதுமுதல் தொகை, புறப்படும் நேரம், திரும்பும் நேரம் யாவும் எழுத்தில் பெறுகிறோம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இடமில்லை என்று எவரையும் விட்டுவரக் கூடாது என்னும் நல்லெண்ணமே பல வேளைகளில் கேடாகிறது. 2017 பிப்ரவரியில் மணப்பாட்டுக் கடலில் உலாச் சென்ற படகு பாரம் மிகுந்து கவிழ்ந்து, வெளியூரிலிருந்து வந்தோர் பலர் மாண்டனர். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதும், பன்னிருவர் வண்டியில் இருபதின்மர் நெருக்கி அமர்வதும் அத்தகைய துணிவே. பதின்மூன்றாமவர்க்கு வேறு வண்டி பேசுவதே அன்பு.

அடுத்த பத்தாண்டில் நம் வட்டம் எத்தனை நூல் வெளியிடும் என்று கூற இயலாது. ஆனால் விழா முடிந்த இரவில், இருளில் ஒளிரும் உப்பு அம்பாரங்களைக் கடந்து ஊர் திரும்பும் வண்டியில் எவரெவர் அமர்ந்திருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தால், வட்டம் வளர்கிறதா தேய்கிறதா என்பது விளங்கிவிடும். அக்கணக்கை எழுதும் குறிப்பேட்டைப் பேணி வைப்போமாக.