பிரதியைப் பார்த்தா, ஆளைப் பார்த்தா?

ஹனூர் இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்து ஊர். 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் வட்டத்தோடு சேர்ந்து சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள் இருந்தது. ஆகவே 1954இல் சென்னையில் இயற்றப்பட்ட நாடக நிகழ்ச்சிச் சட்டம் அந்த ஊர் மேடையையும் கட்டுப்படுத்தியது. நாடகத்தின் பிரதியைக் கேட்டு வாங்கவும், ஆட்சேபத்துக்குரியது என்று தோன்றினால் தடுக்கவும் அச்சட்டம் அதிகாரிகளுக்கு வழிசெய்தது. 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. ஆனால் அதன் அடிப்படை எண்ணம் சிறு ஊர்களின் நாடக விழாக்களில் இன்றும் உயிரோடிருக்கிறது. பிரதியையோ காணொளியையோ அனுப்பச் சொல்லி, முகம் தெரியாத குழுவை ஒரு மேசையில் அமர்ந்து எடைபோடுகிறோம். இது நம் ஊர்களின் பழைய வழக்கம் அன்று.

வடதமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது ஊரார் கதையைத் தேர்ந்தெடுப்பதில்லை. திரௌபதி கல்யாணம், அருச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்ற வரிசையைத் திருவிழாவே வகுத்துவிடுகிறது. ஊர் தேர்ந்தெடுப்பது ஜமா என்னும் கூத்துக் குழுவை; அழைப்பின் அடையாளமான வெற்றிலை பாக்கு அதன் வாத்தியார் கைக்குத்தான் போகும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் இது இன்னும் தெளிவு. வள்ளி திருமணம் என்றால் சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் தெரியும். ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், பபூன் யார் என்பதே ஊர்க் கமிட்டியின் கேள்வி. தனித்தனியே அமர்த்தப்படும் நடிகர்கள் ஒத்திகை இல்லாமல் மேடையில் சந்திக்கிறார்கள். ஹனூர் வட்டத்து மலை மாதேஸ்வரரின் கதையும் வாய்மொழியாகவே நிற்கிறது. கம்சாளைத் தாளம் தட்டிப் பாடும் தேவரகுட்டர்களை விட்டுவிட்டு அக்கதையை மதிப்பிட முடியாது. இம்மூன்று மரபுகளிலும் நம்பிக்கை வைக்கப்பட்டது ஆள்மீது. இதற்குக் காரணம் உண்டு: நிகழ்த்துபவர் அந்த இரவின் கூட்டத்தைப் பார்த்துத்தான் நாடகத்தை முடிவு செய்கிறார். அன்றாடச் செய்தியை அப்படியே மேடையேற்றிய நடிகர் எம்.ஆர். ராதாவை எந்தப் பிரதி அடக்கியிருக்கும்?

ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் தெரிந்தவர்களே திரும்பத் திரும்ப வருவார்கள், புதியவர்களுக்குக் கதவு அடைபடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1947இல் எடின்பரோ விழாவுக்கு எட்டுக் குழுக்கள் அழைப்பில்லாமல் வந்து, கிடைத்த மண்டபங்களில் நடித்தன. அங்கிருந்தே விளிம்பு (ஃபிரிஞ்ச்) நாடக விழா என்ற வழக்கம் பிறந்தது; இன்றும் அங்கே தேர்வுக் குழு இல்லை. ஒரு பெருநகரத்தின் எண்ணற்ற அரங்குகளுக்கு அது பொருந்தும். மூன்று இரவும் ஒரே பந்தலும் உள்ள ஊருக்கு முழுமையாகப் பொருந்தாது. ஆனால் மூன்றில் ஓர் இரவை வந்தவர்க்கெல்லாம் விட்டுவைக்கலாம். இவ்வாண்டு அந்த இரவில் ஊர் கண்டு மகிழ்ந்த குழுவுக்கு அடுத்த ஆண்டு வெற்றிலை பாக்கு போகட்டும்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. வெற்றிலை பாக்கு வைத்த கை பெரும்பாலும் ஊர்ப் பெரியதனக்காரர் கை. சேரியிலிருந்தோ பெண்களிடமிருந்தோ அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. இதை மறைத்துவிட்டு மரபைப் புகழ்வது நேர்மையாகாது. ஆயினும் பிழை முறையில் இல்லை, தேர்ந்தெடுத்த சபையில் யாரை உட்காரவைத்தார்கள் என்பதில் இருக்கிறது. பிரதியைப் படித்துத் தேர்வதால் அது தீராது. படிக்கிற மேசையைச் சுற்றியும் சிலர்தானே அமர்கிறார்கள்? கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரானின் ஊரான புரிசையில் ஆண்டுதோறும் கூத்தும் நவீன நாடகமும் ஒரே மேடையில் நிகழ்கின்றன; பார்ப்பவர்கள் இரண்டையும் அருகருகே வைத்து எடைபோட முடிகிறது. விடியவிடிய உட்கார்ந்து பார்க்கிற அந்தக் கூட்டத்திலிருந்து, எல்லாத் தெருவும் இடம்பெறும்படி, தேர்வுச் சபை அமையட்டும். ஹனூர் போன்ற ஓர் ஊர் நாடக விழா தொடங்க நினைத்தால், விண்ணப்பப் படிவம் அச்சடிப்பதற்கு முன் அந்தச் சபையைத்தான் கூட்ட வேண்டும்.