உழக்கு நெய்யும் ஆயிரம் ரூபாயும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் சுவர்களில் சோழர் காலந்தொட்டு வெட்டப்பட்ட கொடைக் கல்வெட்டுகளைப் பக்தியின் சான்றாகவே வாசித்துப் பழகிவிட்டோம். வரவு செலவுக் கணக்காகவும் அவற்றை வாசிக்கலாம். இன்றைய நலத்திட்டங்களுக்கு அங்கே ஒரு பாடம் இருக்கிறது. அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு, சில ஊர்களில் 90 ஆடு என்பது சோழர் காலத்தில் பரவலாக இருந்த அளவு. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட மன்றாடி, அதாவது இடையன், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடு தட்டினாலும் அது அவன் பொறுப்பு. குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ள வேண்டும். சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான். பொன்னாகவும் காசாகவும் வந்த கொடைகளிலும் வட்டியை நெல்லாக அளக்கச் சொன்னவை பல உண்டு. கொடையாளி உறுதி செய்துகொண்டது விளக்கில் விழும் நெய்யின் அளவை. நெய் விலை ஏறியது, காசின் மதிப்பு இறங்கியது என்று சொல்லி யாரும் உழக்கைக் குறைக்க முடியாது.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு மனமில்லை. அன்னம் பாலிக்க எழுதிவைத்த நிலங்கள் இருந்தன. ஆனால் உண்பவர் யார் என்பதைக் கொடையாளி தீர்மானித்தார். சிவனடியார், தவசியர், அந்தணர், திருநாளுக்கு வந்த யாத்திரிகர் என்று அந்தப் பட்டியல் போகும். அந்த நிலத்தில் நாற்று நட்டு, கோயிலுக்குள் நுழையவே உரிமை இல்லாமல் நின்றவர்களுக்கு அந்தப் பந்தியில் இலை கிடையாது. இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. அறத்துக்கு மூலதனம் நிலம். மழை பொய்த்தால் ஏழையின் வயலும் சத்திரத்தின் வயலும் சேர்ந்தே காயும். அதாவது, தேவை உச்சத்தில் இருக்கும்போது கொடுக்கும் கை வற்றிப்போகும். 1876–78 தாது வருடப் பஞ்சம் இதைக் கொடூரமாகக் காட்டியது. சென்னை மாகாணத்தில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள் என்பது மதிப்பீடு. அன்று தென்னார்க்காட்டில் இருந்த திருவண்ணாமலைத் தாலுகா (1911இல்தான் அது வடார்க்காட்டுக்கு மாறியது) வானத்தை நம்பிய ஏரிப்பாசனப் பூமி. ஓர் ஊரின் விளைச்சலில் நிற்கும் தருமம் அந்த ஊரின் பஞ்சத்தைத் தாங்காது. பல மாவட்டங்களின் வரியை ஒரு கருவூலத்தில் சேர்த்து, காய்ந்த இடத்துக்குத் திருப்பிவிடும் அரசு நிதி இங்கேதான் தவிர்க்க முடியாததாகிறது.

அரசு நிதி என்றால் மட்டும் போதுமா? அந்தப் பஞ்சத்தின்போது நிவாரணக் கூலியை நிர்ணயிக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், நாளெல்லாம் உழைக்கும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கையில் சிறு காசும் போதும் என்றார். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அது உயிரைத் தாங்காது என்று வாதாடினார். கஞ்சத்தனம் தானியத்தால் அளந்தாலும் கஞ்சத்தனம்தான். ஆனால் பின்னாளில் வந்த பஞ்ச விதித்தொகுப்புகள் கூலியைத் தானிய அளவில் கணக்கிட்டு, விலைக்கேற்பக் காசை மாற்றின என்பதையும் மறக்கக் கூடாது. 1878இல் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் பஞ்சக் காப்பீட்டு நிதி ஒன்றும் இந்திய வரவு செலவில் இடம்பெற்றது. அதற்கென்றே வரி போட்டார்கள்; பணம் ஆப்கன் போருக்குத் திரும்பியது. சந்திர சூரியர் உள்ளவரை என்று எழுதிய கல்லோடு ஒப்பிட்டால் ஆண்டுதோறும் நிறைவேறும் நிதிநிலை அறிக்கை மெலிந்த காகிதம்தான் என்று சொல்வோருக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அன்று வரி கொடுத்தவருக்கு வாக்கு இல்லை, கேட்க மன்றம் இல்லை. காகிதத்துக்கு வலுவைக் கொடுப்பது வாக்கும் வழக்கும். பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டபோது தமிழ்நாடு அதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது.

தமிழ்நாட்டின் அனுபவத்தையே எடுத்துக்கொள்வோம். 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு ஊராரின் நன்கொடையை நம்பிப் புறப்பட்டது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோது அரசு செலவாகவே ஆனது. அது தட்டில் விழும் அளவாகச் சொல்லப்பட்ட வாக்குறுதி. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 2010இல் வாரத்துக்கு ஐந்து. அரிசி, பருப்பு விலை எத்தனையோ மடங்கு ஏறியும் தட்டு சுருங்கவில்லை, வளர்ந்தது. 2011 முதல் கிடைக்கும் விலையில்லா அரிசியும் 20 கிலோ என்றால் 20 கிலோதான். முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கியது. பிள்ளையில்லாத வல்லாள மகாராசனுக்கு அண்ணாமலையாரே மகனாகி ஒவ்வொரு மாசி மகத்திலும் பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுப்பதாக நம்பும் ஊர் திருவண்ணாமலை. பார்த்துக்கொள்ள ஆளில்லாதவரை யார் பார்ப்பது என்ற கேள்வி இங்கே பழையது. அதற்கு அரசு சொன்ன பதிலோ ரூபாயில் இருந்தது. 2011இல் மாதம் ரூ.1,000, 2023இல் ரூ.1,200. அந்த இடைவெளியில் விலைவாசி ஏறத்தாழ இரட்டிப்பானது. அந்தத் தொகைக்குள் ஒன்றிய அரசு தரும் பங்கு, 80 வயதுக்கு உட்பட்டவருக்கு, 2007இல் ரூ.200, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அது அசையவில்லை. எந்தச் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் குறைக்கவில்லை, ஆனாலும் குறைந்துவிட்டது.

அப்படியானால் எல்லாவற்றையும் அரிசியாகவே கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். முதியவருக்கு மாத்திரை வேண்டும், பேருந்துக்குக் காசு வேண்டும், பேரப்பிள்ளைக்கு ஒரு மிட்டாய் வாங்கித்தர ஆசை இருக்கும். பணம் தருவது அவருடைய மதிப்பைக் காப்பது. அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பணம் எதை வாங்கும் என்பதை ஆண்டுதோறும் அளந்து உயர்த்த வேண்டும் என்கிறேன். கடன் சுமை பற்றிய எதிர்ப்பு இன்னும் கனமானது. 2025–26 அறிக்கையில் மகளிர் உரிமைத் தொகைக்கு மட்டும் ஏறத்தாழ 13,800 கோடி ரூபாய் ஒதுக்கிய மாநிலம், எல்லாத் தொகையையும் விலைவாசியோடு கட்டிவைத்தால் எங்கே போகும்? ஆனால் 2023இல் மாதம் ஆயிரம் ரூபாயாகத் தொடங்கிய அந்த உரிமைத் தொகையை அப்படியே விட்டால் அரசின் சுமை ஆண்டுக்காண்டு தானாக இலேசாகும்; அந்தச் சிக்கனத்துக்கு யாரும் வாக்களித்திருக்க மாட்டார்கள். தாங்க முடியாது என்றால் மன்றத்தில் எழுந்து குறைக்கிறோம் என்று சொல்லட்டும், அதை எதிர்த்துப் பேச மக்களுக்கு வாய்ப்பு இருக்கும். கட்டிவைப்பது ஒன்றும் புதுமையும் அல்ல. நூறு நாள் வேலைக் கூலி 2011 முதல் விவசாயத் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டோடு திருத்தப்பட்டது. அரசு ஊழியருக்கும் அரசு ஓய்வூதியருக்கும் ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயர்கிறது. அதை இலவசம் என்று ஒருவரும் ஏசுவதில்லை. ஏசவும் கூடாது. அதே கருவூலத்திலிருந்து வரும் உதவித்தொகையைக் கைநாட்டு வைத்து வாங்கும் கிழவிக்கும் அந்த விதியை எழுத ஓர் அரசாணை போதும்.