ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் முட்டையிடும் அழுங்காமைகள்

மிதிவண்டிப் பாதை, உணவங்காடி நிலையம், வாரயிறுதிக் கூடாரங்கள் எனக் கலகலப்பாக இருக்கும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் மணலில், ஆண்டின் நடுப்பகுதி மாதங்களில் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. சாங்கி கடற்கரையிலும் தென் தீவுகளிலும் அவை கரையேறியுள்ளன. ஈஸ்ட் கோஸ்ட் வட்டாரத்தில் 1966ல் தொடங்கிய நிலமீட்புப் பணிகள் மூலம் உருவான கடற்கரை இது. மனிதர் கொட்டிய மணலையும் ஆமைகள் ஏற்றுக்கொண்டன. அங்கு எரியும் விளக்குகளும் கூடும் கூட்டமும்தான் இன்று அவற்றுக்குப் பெரும் சோதனை.

எந்த ஆமை?

சிங்கப்பூர்க் கடலில் அழுங்காமை, பேராமை இரண்டும் காணப்படுகின்றன. இங்கு முட்டையிடுவது பெரும்பாலும் அழுங்காமைதான். பருந்தின் அலகுபோல் வளைந்த வாயைக் கொண்ட இந்த ஆமை, பவளப்பாறை இடுக்குகளில் வளரும் கடற்பஞ்சுகளை உண்ணும். சீப்பு, மூக்குக்கண்ணாடிச் சட்டம், அலங்காரப் பொருள்கள் ஆகியவற்றைச் செய்ய அதன் அழகிய ஓட்டுக்காக நெடுங்காலம் வேட்டையாடப்பட்டதால், உலகெங்கும் அதன் எண்ணிக்கை சரிந்தது. அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது.

இந்த ஆமைகளுக்கு நாட்டு எல்லை இல்லை. மலாக்காவில் முட்டையிட்ட அழுங்காமைகளைச் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, அவற்றில் பல சிங்கப்பூரை அடுத்த ரியாவ் தீவுகளுக்கு இரைதேடிச் செல்வது தெரியவந்தது. அதனால் ஒரு கடற்கரையில் ஏற்படும் இழப்பு மற்ற கடற்கரைகளையும் பாதிக்கும்.

மணலுக்குள் இரண்டு மாதம்

பெண் ஆமை பெரும்பாலும் இரவில் கரையேறி, பின்துடுப்புகளால் குழி தோண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். அதன்பின் முட்டைகளைப் பார்க்க அது வருவதில்லை. சுமார் இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வெளிவரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவுசெய்கிறது. வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் அதிகமாகும்.

குஞ்சு வளர்ந்து முட்டையிடும் பருவத்தை எட்ட 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். அதுவரை பிழைப்பவை மிகச் சில. பிழைத்த பெண் ஆமைகள், தாங்கள் பிறந்த வட்டாரத்தைத் தேடி வந்து முட்டையிடுகின்றன.

வெளிச்சம் ஏன் ஆபத்து?

மனிதர் இல்லாத கடற்கரையில், இரவில் மிகவும் பிரகாசமாகத் தெரிவது கடல்மேல் உள்ள அடிவானம். குஞ்சுகள் அந்த வெளிச்சத்தை நோக்கியே நகர்கின்றன. நகரக் கடற்கரையில் தெருவிளக்கும் கட்டட வெளிச்சமும் அவற்றைக் கரைப்பக்கம் இழுத்துவிடும். கடலுக்குப் பதிலாக நடைபாதைக்கும் சாலைக்கும் செல்லும் குஞ்சுகள் களைத்தோ, மிதிபட்டோ, இரையாகியோ மடியும்.

தாய் ஆமையையும் வெளிச்சம் விரட்டும். முட்டையிடுவதற்கு முன் கைத்தொலைபேசி விளக்கோ ஆள் நடமாட்டமோ தெரிந்தால் அது முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும்.

தொண்டூழியர்கள் செய்வது

தேசிய பூங்காக் கழகத்தின் கடற்கரைச் சுற்றுக்காவல் திட்டத்தில் பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள், குழுக்களாகக் கடற்கரையில் நடந்து ஆமைத் தடங்களைத் தேடுகின்றனர். ஆமையின் தடம், மணலில் டிராக்டர் சக்கரம் பதிந்ததுபோல் இருக்கும். அழுங்காமையின் துடுப்புத் தடங்கள் இடமும் வலமும் மாறி மாறி விழும். பேராமையின் தடங்கள் இருபுறமும் இணையாக விழும்.

தடம் இருக்கும் இடத்திலெல்லாம் முட்டை இருப்பதில்லை. ஆயினும் தொண்டூழியர்கள் தோண்டிப் பார்ப்பதில்லை, அதிகாரிகளுக்குத் தகவல் தருகின்றனர். முட்டைக்குள் கரு உருவாகி ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொண்ட பிறகு, முட்டையைப் புரட்டினாலே கரு இறந்துவிடலாம். அலை எட்டும் இடத்திலோ கூட்டம் மிகுந்த இடத்திலோ உள்ள முட்டைகளை இடம் மாற்ற வேண்டுமா என்பதை அதிகாரிகளே முடிவுசெய்கின்றனர். சிஸ்டர்ஸ் தீவுகள் கடல் பூங்காவில் ஆமைக் குஞ்சுபொரிப்பகமும் 2018ல் அமைக்கப்பட்டது.

சுற்றுக்காவல் எல்லா இரவும் எல்லா இடத்தையும் எட்ட முடியாது. கடற்கரையில் நடப்பவர்களும் மீன்பிடிப்பவர்களும் கவனித்துத் தெரிவித்தால்தான் பல முட்டைக்குழிகள் பாதுகாப்பு வளையத்துக்குள் வரும்.

ஆமையைக் கண்டால்

• தள்ளி நின்று, சத்தம் போடாமல் பாருங்கள். அதைச் சுற்றிக் கூட வேண்டாம்.

• கைவிளக்கு, கைத்தொலைபேசி விளக்கு, படமெடுக்கும்போது மின்னும் விளக்கு அனைத்தையும் அணைத்துவிடுங்கள்.

• ஆமையையும் குஞ்சையும் முட்டையையும் தொடாதீர்கள். குஞ்சைத் தூக்கிக் கடலில் விடுவது உதவியாகத் தோன்றினாலும், அதிகாரிகள் வரும்வரை காத்திருங்கள்.

• தடத்தின் மேல் நடக்காதீர்கள். முட்டைக்குழியைக் கண்டுபிடிக்க அதுவே வழிகாட்டி.

• தேசிய பூங்காக் கழகத்தை 1800-471-7300 என்ற எண்ணில் அழைத்து, அருகிலுள்ள வாகன நிறுத்துமிடத்தின் எண்ணையோ வேறு அடையாளத்தையோ சொல்லுங்கள்.

• நாயுடன் வந்திருந்தால் வாரைப் பிடித்துக்கொண்டு விலகிச் செல்லுங்கள்.

சிங்கப்பூரின் வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றி ஆமையைப் பிடிப்பதும் முட்டைகளை எடுப்பதும் குற்றம்.